ஒட்டுக்கு மேலே

அக்டோபர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் "அச்சடிச்ச கடிதமா?" என்று கேட்பாய். அதனால் நேராகவே கேட்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இப்போதாவது தூக்கம் வருகிறதா? நர்சரியில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று எழுதியிருந்தாயே, வடிந்ததா?

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் சக்களத்தியும் சௌக்கியம். பின்முற்றத்துச் சுவரோரம் ஏழு வருஷமாகச் சொகுசாக நிற்கிறாளே, நீ ஒட்டுக் கட்டிக் கொடுத்தனுப்பிய மஞ்சள் ரம்புட்டான், அவளைத்தான் சொல்கிறேன்.

நேற்று பொத்தான் தைத்த சட்டைகளைக் கொடுக்கப் பக்கத்துச் சலவைக்கடைக்குப் போனேன். "இந்த ஊர்க் குளிர்ல இந்த மரம் எப்படிம்மா வெளியில நிக்குது?" என்று கடைக்கார அம்மா கேட்டார். உங்கள் கொதிகலன் புண்ணியம் என்றேன். வீடு பார்க்க வந்த அன்றைக்கு என் வீட்டு மனுஷர் அறை எத்தனை, குழாயில் தண்ணீர் வருமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே பின்முற்றத்துக்குப் போய்ச் சுவரைத் தடவினார். அந்தப் பக்கம் கொதிகலன் இருந்ததால் சுவர் வெதுவெதுவென்று இருந்தது. "இதுதான் வீடு" என்று முடித்துவிட்டார். சமையலறையில் திரும்ப முடியாது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கதையைக் கேட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் இஸ்திரிப்பெட்டி நழுவப் பார்த்தது.

வெயில் இறங்க ஆரம்பித்துவிட்டது. மனுஷர்களுக்கு இந்த ஊர்க் குளிர் ஒன்றுமில்லை, மேலே ஒரு கம்பளிச் சட்டை போதும். ஜனவரியில் நாலைந்து நாள் மட்டும் விடியும்போது வாளித் தண்ணீர்மேல் மெல்லிய கண்ணாடி மாதிரி படிந்திருக்கும். அந்த நாலைந்து நாள்தான் இவளுக்கு எமன்.

அதற்காக ஒரு சந்தேகம். தண்ணீர் எவ்வளவு ஊற்றலாம்? தினமும் இரண்டு வாளி ஊற்றுகிறேன், அவர் வைத்திருந்த உரத்தில் ஒரு பிடியும் போடுகிறேன். உச்சியெல்லாம் செந்துளிர் அண்ணா. அவர் கையில்கூட இவ்வளவு வந்ததில்லை. கொஞ்சம் கர்வமாகவே இருக்கிறது. அவருக்குச் சற்று அசதி, அதனால் இப்போதைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் வாயாடி


அக்டோபர் 29

வாயாடிக்கு அண்ணன் எழுதுவது.

முழங்கால் இருக்கிறது, மடங்கத்தான் மறுக்கிறது. அண்ணி தூங்குகிறாள், அவள் குறட்டையில் எனக்குத்தான் தூக்கம் இல்லை. தண்ணீர் வடிந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்ததும் ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது. சக்களத்தி என்றைக்குப் பட்டுப்போவாள் என்று காத்திருந்தவள் நீ. இப்போது இரண்டு வாளி தண்ணீரா? முதலில் அதை நிறுத்து. உரத்தைத் தூக்கிப் பரண்மேல் போடு. குளிருக்கு முன்னால் மரத்தைப் பட்டினி போட வேண்டும். கொஞ்சம் காய்ந்து, முறுக்கேறி நிற்கிற மரம்தான் குளிரைத் தாங்கும். நீ ஊட்டி ஊட்டி வரவழைத்த செந்துளிர் முதல் பனிக்கே கருகும். பாசத்தால் மரத்தைக் கொன்றவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே நிறையப் பேர்.

அடுத்தது இதைச் செய். அடித்தண்டில் ஒரு சாண் உயரத்தில் ஒட்டுத் தழும்பு இருக்கும். தழும்புக்கு மேல் நாலு விரல் மூடும்படி மண் அணை. மேலே கிளையெல்லாம் போனாலும், தழும்புக்கு மேல் துளிர் விடுகிற ஒரு கண் உயிரோடு இருந்தால் அதே மஞ்சள் ரம்புட்டான் திரும்பி வந்துவிடும். தழும்புக்குக் கீழே இருப்பது வேறு மரம். அது வெறும் கொட்டையில் முளைத்த அடிச்செடி. ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. ஆணாக இருந்தால் பூத்துப் பூத்து உதிர்க்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் மாப்பிள்ளை தூக்கத்தில்கூடச் சொல்வாரே. நாலு பக்கத்துக்குக் குறைந்து எழுதாத மனுஷர் ஏன் ஒரு வரி எழுதவில்லை? அசதி என்றால் என்ன அசதி?

அன்புடன்,
அண்ணன்


நவம்பர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே காலையில் மூச்சு விட்டால் புகை வருகிறது.

தண்ணீரை நிறுத்திவிட்டேன். நிறுத்திய மூன்றாம் நாளே அவள் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாப்பாடு கிடைக்காத மாமியார்கூட அப்படிப் பார்க்க மாட்டார். மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மண் அணைத்தாயிற்று. தழும்பைத் தேட வேண்டியிருக்கவில்லை, அவர் அங்கே வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். மண் போதாமல் பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் இரண்டு கூடை கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஐந்து சாக்கு வாங்கித் தண்டைச் சுற்றிக் கட்டினேன். லிஃப்ட் கழற்றிய இடங்களிலிருந்து அவர் கொண்டுவந்து சேர்த்த பழைய ஒயரும் பல்பும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் குண்டூசி கிடைக்காது, ஒயர் கிடைக்கும். சூட்டுக்காகக் கிளைகளுக்கு நடுவே பல்புகளைத் தொங்கவிட்டேன். சலவைக்கடை அம்மா பார்த்துவிட்டு "யாருக்கும்மா கல்யாணம்?" என்றார்.

நான் கட்டுவதையெல்லாம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

கண் எரிகிறது, பொத்தான் வேலை அதிகம். மற்றவை பிறகு.

தங்கை


டிசம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம். இன்றைக்கு வேடிக்கை எழுதும் மனநிலையில் இல்லை.

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில இருந்து வர்ற வழின்னு எழுதியிருக்கா பாருங்க" என்றாள். நான் சாக்கையும் மண்ணையும் படித்துக்கொண்டு போயிருக்கிறேன், முட்டாள்.

இன்னொன்றையும் அவள்தான் சொன்னாள். தன் மரத்தை இன்னொருத்தர் தொடுவதைப் பார்த்துக்கொண்டு மாப்பிள்ளை திட்டாமல் உட்கார்ந்திருந்தாரா? நான் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டவர் அவர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே. என்ன நடந்தது?

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

அங்கே எல்லாரும் நலம்தானே. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபப்படாதே. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

செப்டம்பர் கடைசியில் நடந்தது. குளிருக்கு முன்னால் மரத்துக்குப் பல்புக் கம்பி கட்டிவிடலாம் என்று ஏணி போட்டு ஏறினார். நான் பின்வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏறியவர் தானாகவே இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "அடியே, என் கை எங்க?" என்று கேட்டார். வலது கை அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன் அண்ணா. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் அவர் மாதாமாதம் பழுது பார்த்தது. அதிலேயே அவரைப் படுக்க வைத்து ஏற்றினார்கள். மூன்றாவது மாடியில் அது குலுங்கி நின்றது. எழுந்து திட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

உயிருக்குப் பயமில்லை. கால் வந்துவிட்டது, கையும் முக்கால்வாசி வந்துவிட்டது. பேச்சும் வந்தது. ஆனால் நான் யார் என்று தெரியவில்லை. வீடு தெரியவில்லை, வேலை தெரியவில்லை. என்னை "நீங்க" என்கிறார். இருபத்தாறு வருஷம் நான் அவரை "என்னங்க" என்று கூப்பிட்டேன். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் அவர் என்னை "என்னங்க" என்கிறார். குடித்துவிட்டு "ரொம்ப நன்றிங்க" என்கிறார்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயம். இந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் சரியாகிவிடுவார், பிறகு நடந்ததை அவரே நாலு பக்கத்துக்கு எழுதட்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் கொண்டுபோன சோற்றை உள்ளே விடவில்லை, குழாய் வழியாகத்தான் ஆகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் மரத்துக்கு இரண்டு இரண்டு வாளியாக ஊற்றினேன். அதுவும் தப்பாகப் போயிற்று.

போன வாரம் சலவைக்கடைக் கொதிகலன் பழுதாகி நின்றுவிட்டது. ஆள் வந்து சரிசெய்வதற்குள் அந்த நாலைந்து நாளும் வந்து போய்விட்டன. சுவரைத் தொட்டேன், ஐஸ்கட்டி. பல்பு என்ன செய்யும்? காலையில் பார்த்தால் மரம் முழுக்கக் கருப்பு. வெந்நீரில் போட்டு எடுத்த கீரை மாதிரி இலை தொங்குகிறது. முந்தின மழையில் அணைத்த மண்ணும் பாதி கரைந்து இறங்கியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

கறுத்ததையெல்லாம் வெட்டிவிடவா? ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு ஆறுதல் எதுவும் எழுதாதே, தாங்க மாட்டேன்.

தங்கை


பிப்ரவரி 9

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நாற்றுப் பந்தலுக்குள் நின்று படித்தேன். படித்துவிட்டு, பாவம், மண் கலந்துகொண்டிருந்தவர்களைக் காரணமே இல்லாமல் திட்டித் தீர்த்தேன். நீ ஆறுதல் வேண்டாம் என்றாய், எழுதவில்லை. எழுதவும் தெரியாது.

வெட்டாதே. கோடை வரும் வரை கத்தியை அந்தப் பக்கம் கொண்டுபோகாதே. செத்த கிளைதான் கீழே இருப்பதற்குப் போர்வை. வாரத்துக்கு ஒரு நாள் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார். பழுப்பாக இருந்தால் செத்தது, பச்சையாக இருந்தால் உயிர். மேலிருந்து கீழே வந்துகொண்டே இரு, எங்கேயாவது பச்சை தட்டுப்படும். சில மரம் மூன்று மாதம் கட்டையாக நின்று, ஆள் நம்பிக்கையை விட்ட பிறகு துளிர்க்கும். கோடைக்குள் எது வருகிறதோ அதுதான். அதற்குமேல் காத்திருந்து பயனில்லை.

கரைந்த மண்ணை மறுபடி அணைத்துவிடு. தண்ணீர் விஷயத்தில் நீ செய்ததை நான் முன்பு வேடிக்கையாக எழுதியதற்கு என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

நான் புறப்பட்டு வரட்டுமா? முழங்காலைக் கழற்றி இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் என் அன்பு. வெயில் வந்துவிட்டது, கம்பளிகளைத் துவைத்து மடித்துவிட்டேன்.

துளிர் வந்துவிட்டது! உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். இன்று காலை மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன், மூக்குத்தி அளவுக்குச் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சலவைக்கடை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதற்கா இத்தனை கூச்சல் என்று பார்த்தார். உள்ளே இருந்த இவரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்து "அழகா இருக்குங்க" என்றார்.

நன்றாக நடக்கிறார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். கோடைக்குள் எது திரும்பி வருகிறதோ அதுதான், அதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீயும் அவரும் பேசி வைத்துக்கொண்டீர்களா?

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறார். செருப்பை வாசலிலேயே கழற்றுகிறார். முன்பு சேற்றுக் காலோடு சமையலறை வரைக்கும் வந்து "அடியே, புது இலை விட்டிருக்கு, வந்து பாரு" என்று என்னை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறவர். நான் கத்துவேன், அவர் பதிலுக்குக் கத்துவார், தெருவுக்கே கேட்கும். இப்போது தெருவே அவரை மெச்சுகிறது. "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு தங்கமான மனுஷர்" என்கிறார்கள். எனக்கு அந்தப் பழைய தகரம்தான் அண்ணா வேண்டும்.

நீ இப்போது வராதே. புது முகம் பார்த்தால் பயப்படுகிறார். வந்த இடத்தில் அவர் உன்னைப் பார்த்து "சார் யாருங்க?" என்று கேட்டால் நீயும் தாங்க மாட்டாய், நானும் தாங்க மாட்டேன்.

உன் வாயாடி


மே 11

அன்பு வாயாடிக்கு,

எத்தனை மாதம் கழித்து இந்தப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். அண்ணி கடிதத்தை வாங்கி அந்த இடத்தை மட்டும் பார்த்தாள்.

எல்லாம் எழுதினாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. துளிர் ஒட்டுக்கு மேலேயா, கீழேயா? மாப்பிள்ளை போட்ட வெள்ளைக் கோடு இருக்கிறதே, அதற்கு எந்தப் பக்கம்? மேலே என்றால் கவலை விட்டது, நாலு வருஷத்தில் மறுபடி மஞ்சள் பழம் தின்னலாம். கீழே என்றால் தாமதிக்காதே. கட்டைவிரலை வைத்து அப்போதே தேய்த்து எடுத்துவிட வேண்டும். அது முரட்டுத்தனமாக வளரும், பார்க்க நன்றாக இருக்கும், நம்பிவிடாதே. வேரிலிருந்து வருகிற எல்லாவற்றையும் அதுவே குடித்துவிட்டு, மேலே வர இருக்கிறதைக் கொன்றுவிடும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

உடனே எழுது. டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இங்கே வெயில் கொளுத்துகிறது.

கீழே.

மண்ணை விலக்கிய அன்றைக்கே எனக்குத் தெரியும். கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. உனக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டேன். வந்ததே போதும் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட ஆசைப்பட்டேன்.

உன் கடிதம் வந்ததும் தேய்த்து எடுக்கத்தான் போனேன். அதன்மேல் கட்டைவிரலையும் வைத்துவிட்டேன். அந்த நேரம் அவர் பின்வாசலுக்கு வந்து "ஏங்க, அதுக்கு வலிக்காதாங்க?" என்றார். விரலை எடுத்துவிட்டேன். மறுநாள் போனேன், முடியவில்லை. பிறகு போகவே இல்லை. இப்போது என் இடுப்பு உயரம் நிற்கிறது. கோட்டுக்கு மேலே எங்கே சுரண்டினாலும் பழுப்புதான். எதுவும் வராது என்று எனக்கே தெரிகிறது.

டாக்டரிடம் போன வாரம் போனோம். பார்த்துவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். "இனிமே இவர் இப்படித்தாம்மா. நல்லாத்தான் இருக்கார், இல்லையா?" என்றார். நல்லாத்தான் இருக்கார். நானும் தலையாட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டு, "வசதியா உக்காருங்க" என்றார்.

ஒரு மனுஷர் சாகவில்லை, ஆனால் இல்லை. எதற்கென்று சொல்லி அழுவது? துக்கம் கேட்க யாராவது வருவார்களா?

நான் செய்தது தப்பா அண்ணா? அன்றைக்கே தேய்த்து எடுத்திருந்தால் மேலே வந்திருக்குமா?

தங்கை


ஜூலை 18

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நான் ஒரு விஷயத்தை உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்த மரத்தில் ஒட்டு இல்லை. நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது நான் கட்டிய மொட்டு பிடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டது. நீங்கள் ஊருக்குக் கிளம்பும் அவசரம், மாப்பிள்ளை முகத்தில் அவ்வளவு ஆசை. சொல்ல மனம் வரவில்லை. வேறு ஒரு கொட்டைச் செடியை எடுத்து, கத்தியால் ஒரு கீறல் போட்டு, நாடா சுற்றிக் கொடுத்துவிட்டேன். சில கொட்டைச் செடிகள் தானாகவே மஞ்சளாகக் காய்க்கும். என் அதிர்ஷ்டம், அதுவும் அப்படிக் காய்த்தது.

ஆகவே அந்த வெள்ளைக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. அந்த மரத்துக்கு மேல் கீழ் கிடையாது. அடியிலிருந்து நுனி வரை ஒரே மரம். இப்போது வந்திருப்பது அதே மரம்தான். அதே ஆள்தான். நீ தேய்த்து எடுக்காமல் விட்டது நல்லதாயிற்று.

இப்படிக்கு,
உன் அண்ணன்


ஆகஸ்ட் 9

என் அன்பு அண்ணாவுக்கு,

உன் முழங்காலும் அண்ணியின் தூக்கமும் நன்றாக இருக்கட்டும்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். உன் கையெழுத்து எப்போதும் மழையில் நனைந்த கோழி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இந்தக் கடிதத்தில் மட்டும் ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நிற்கிறது. நாலைந்து தடவை எழுதிப் பார்த்துப் படி எடுத்திருக்கிறாய்.

அந்த அடிச்செடி எங்கிருந்து வந்தது என்று மறந்துவிட்டாயா? நீ ஒட்டுக் கட்டியதற்கும் முந்தின தடவை வந்தபோது உன் நர்சரியில் நான் தின்ற சிவப்பு ரம்புட்டானின் கொட்டை அது. நான்தான் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் ஊன்றிவிட்டு வந்தேன். நீ அதில்தான் ஒட்டுக் கட்டினாய். நாடாவைச் சுற்றியது நான். வெயில் படாமல் குடை பிடித்தவர் அவர். உன் கட்டைவிரலில் கத்தி பட்டு, நாடாவில் ரத்தக்கறை இருந்தது. வழியெல்லாம் அந்த டப்பா என் மடியில்தான் இருந்தது. கறையும் இருந்தது. நான் தின்றது சிவப்பு, காய்த்தது மஞ்சள். ஒட்டு இல்லாமல் எப்படி?

ஒட்டு இல்லாத செடியை ஏமாற்றிக் கொடுத்தேன் என்று நர்சரிக்காரன் எழுதலாமா? யாராவது பார்த்தால் உன் பேர் என்ன ஆகும்? எனக்காக அதையும் எழுதினாய். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, எட்டவே நின்றுகொண்டிருந்தார். தொடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

கீழே வந்தது கீழேதான் அண்ணா. அது வேறு மரம்தான். நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று மேலே செத்து நின்றதையெல்லாம் அறுத்துவிட்டேன். நான் ரம்பம் போட, அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கோடு போட்ட துண்டு விழுந்ததும் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ரம்பத்தை அப்படியே நிறுத்தினேன். தூசியைத் துடைத்துவிட்டு மற்ற விறகோடு ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

பிறகு புதுச் செடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒரு இலையை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். இலையைப் பிடிக்கிற விதம் மட்டும் மாறவில்லை.

"இதை யாருங்க வச்சது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

"நல்ல கைங்க அவருக்கு. எங்க இருக்காரு?"

"வெளியூர் போயிருக்கார்."

"எப்பங்க வருவாரு?"

நான் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி அதைக் கேட்கவில்லை.

"அவரு வர்ற வரைக்கும் நான் வேணா இதுக்குத் தண்ணி ஊத்தட்டுங்களா?" என்றார்.

"ஊத்துங்க" என்றேன். "அக்டோபர் வந்தா நிறுத்திடணும். நான் சொல்றேன்."

உன் தங்கை